வாசலில் யார் என்று அது சொல்லும்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் கிடையாது. "டேய்" என்றால் வரும். "போடா" என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போகும். செவலை நிறம், நாட்டு நாய். ஓர் ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, ஈரக் குட்டியாக கேட்டுக்கு அடியில் நுழைந்து மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டது. மழை விட்டதும் போகச் சொன்னேன். போகவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அது ஆகிவிட்டது பல வருஷம்.

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் காலமாகி இவ்வளவு நாளாகியும் காரைக்காலில் எங்கள் தெருவுக்கு இது சொல்தா வீடுதான், பிரெஞ்சில் சிப்பாய் வீடு. ஒரே பிள்ளை. அவன் பிரான்சில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு முறை ஆடியிலோ ஆவணியிலோ வருவான். மற்ற நாளெல்லாம் நானும் நாயும்தான். வீடு பெரிய வீடு. முன்பக்கம் இரும்பு கேட், இரண்டு பக்கமும் தென்னை, பின்னால் கிணறு. மத்தியானத்தில் கடல் காற்று வந்தால் தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஏதோ பேசிக்கொள்வது மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நாய் என் காலடியில் படுத்திருக்கும்.

அப்படி உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் அதன் பாஷை எனக்குப் பிடிபட்டது.

முன்பின் தெரியாத ஆள் வந்தால் நெஞ்சிலிருந்து கனமாகக் குரைக்கும். குரைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்திக் காற்றை இழுக்கும், மறுபடி குரைக்கும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே கடமைக்கு இரண்டு குரைப்பு. கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா தெருமுனை திரும்பும்போதே மூக்கால் முனகி, தன்னைத்தானே சுற்றிச் சுற்றி வரும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றால் வாயே திறக்காது. வால் மட்டும் கேட்டின் தகரத்தில் டப் டப் என்று அடிக்கும்.

உறவுக்காரர்கள் வந்தால் அதற்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தது. வாலையும் அடிக்கும், கூடவே கொட்டாவி விடுகிற மாதிரி நீட்டி ஒரு சத்தம் போடும். தூங்கி எழுந்த குழந்தை சோம்பல் முறிக்கிற சத்தம் மாதிரி இருக்கும் அது. அந்தக் கொட்டாவி ஒரு நாளும் தப்பினதில்லை.

ஒரு முறை என் வீட்டுக்காரருடைய சித்தப்பா பேரன் புதுச்சேரியிலிருந்து வந்தான். அதற்கு முன்னால் இந்த வாசற்படியை மிதித்ததே கிடையாது. நாய் பிறப்பதற்கு முன்னாலேயே பிரிந்துபோன குடும்பம். அவன் கேட்டருகில் நின்று கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்குகிறான், இது எழுந்து போய் மோந்து பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தவன் காலின் மேலேயே தலையை வைத்துப் படுத்துவிட்டது. குரும்பகரத்திலிருந்து என் பிறந்த வீட்டு மனுஷர் யாராவது நெல் மூட்டையோடு வந்து இறங்கினாலும் அப்படித்தான். அதற்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்கிற வித்தியாசம் இல்லை.

எப்படித் தெரியும் அதற்கு? நான் நிறைய யோசித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் உடம்பில் புகையிலை வாசனை இருக்கும். அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று இருக்கும். மழையில் நனைந்த வைக்கோல் மாதிரி. பிள்ளை வெயிலில் அலைந்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றினால் அதே வைக்கோல். எனக்கே தெரிகிறது என்றால் நாய்க்குத் தெரியாதா? அந்தப் புதுச்சேரிப் பையனிடமும் அது இருந்திருக்கும். வியர்வையில் குடும்பம் ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இதில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. என் நாத்தனார் கோட்டுச்சேரியில் இருக்கிறாள். என் வீட்டுக்காரரின் தங்கை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாள். ஒரு நாள்கூட அந்த நாய்க்கு ஒரு மீன் முள் போட்டதில்லை. "ச்சீ, தள்ளிப் போ" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் உள்ளே வருவாள். அவளுக்குத்தான் அது விடும் கொட்டாவியிலேயே நீளமான கொட்டாவி. தினமும் சோறு வைக்கிறவள் நான். அவளோ இந்த வீட்டு ரத்தம். நாய் அதைக் கணக்கு வைத்துக்கொண்டு செய்வது போலத்தான் எனக்குத் தோன்றும்.

கண்ணில் புகை எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. மெதுவாகத்தான் வந்தது. அரசலாற்றின் மேல் மார்கழிப் பனி இறங்குமே, எங்கே ஆறு எங்கே கரை என்று தெரியாமல், அதுபோல. முதலில் விளக்குகளைச் சுற்றி வளையம் போட்டது. பிறகு கடற்கரைக்குப் போனால் கடலும் வானமும் ஒரே துணியாக இருந்தன. பிறகு முகங்கள் போயின. மூக்கு, கண், வாய் எல்லாம் தண்ணீரில் கரைத்த சுண்ணாம்பு மாதிரி. பொய் சொல்லக்கூடாது, அதில் ஓர் அழகும் இருந்தது. காலையில் தென்னைக்கு நடுவில் வெயில் விழுந்தால் வீடு முழுவதும் பால் ஊற்றின மாதிரி இருக்கும். செத்துப்போனவர்கள்கூட அந்த வெளிச்சத்தில் நடந்து போகிற மாதிரி தோன்றும். அவர் பட்டாளத்து நடை நடந்து கிணற்றடிக்குப் போவார். நான் கூப்பிடமாட்டேன், போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிள்ளை மறுநாளே டிக்கெட் போட்டிருப்பான். "அம்மா, உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா வீட்டைப் பூட்டிட்டு இங்க கூட்டிக்கிட்டு வந்துடுவேன்" என்று ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும் சொல்லுவான். அன்பாகத்தான் சொல்லுவான். அங்கே நான் இருந்து பார்த்தவள்தான். அவர் வேலையில் இருந்த காலத்தில் சில குளிர்காலங்கள் கழித்திருக்கிறேன். அடுக்கு வீடு. கதவில் காசு அளவுக்கு ஒரு கண்ணாடி ஓட்டை. யாராவது வந்தால் அதன் வழியாகப் பார்க்க வேண்டும். நான் போய்ப் போய்ப் பார்ப்பேன். யாரும் வரமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி விழும், சத்தமே இல்லாமல். அந்த வீட்டில் என் கண் மூடக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால் நாயை வைத்துச் சமாளித்தேன். டப் டப் என்று வால் கேட்டால், வருகிறவர் செருப்புச் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டு, "வாங்க, வாங்க, என்ன இந்தப் பக்கம்" என்பேன். கொட்டாவி கேட்டால் எழுந்து கேட் வரைக்கும் போவேன். கனத்த குரைப்பு என்றால் எழவே மாட்டேன், "யாருப்பா, என்ன வேணும்?" என்று அதட்டலாகக் கேட்பேன். தெருவில் என் பார்வையை மெச்சுவார்கள். சொல்தா வீட்டு அம்மாவுக்கு இந்த வயதில் கழுகுக் கண் என்று மீன்கார அம்மா எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டு நாயைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

பிள்ளைக்கு மட்டும் ஒரு சத்தம் இருந்தது. வேறு யாருக்கும் அதைச் செலவழிக்காது. தொண்டைக்குள் விம்மி விம்மி அழும், கேட் கம்பியை நகத்தால் பிராண்டும், ஓடிப்போய்க் கிணற்றைச் சுற்றி வந்து மறுபடி பிராண்டும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் அதைக் கேட்க முடியும்.

பிரான்சு போய் வருகிற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வரும்போது பெட்டி நிறையச் சாமான் வரும். போகும்போது அந்தப் பெட்டிகளில் மிளகாய்த்தூள், வடகம், கருவாடு, புளி எல்லாம் போக வேண்டும். அதற்கு இடம் வேண்டாமா? கட்டிக் கழித்த துணிமணிகளை இங்கேயே எடுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நல்ல நாளில் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்போம். எங்கள் தெருவில் இளநீர் வெட்டுகிறவர் போட்டிருக்கிற சட்டையில் பாரிசுக் கோபுரம் இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நானும் துவைக்காத துணியை ஒருவர் கையில் கொடுத்ததில்லை. அது மரியாதை இல்லை.

போன பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு தேங்காய் பறிக்கிறவர் வந்தார். என் பிள்ளை வயதுதான் இருக்கும், உயரமும் அதேதான். நாய்க்குப் பழகின ஆள், வாலை அடிக்கும். பறித்து முடித்ததும் பீரோவிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையின் டீ ஷர்ட்டுகள். பொங்கலுக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் என் மனசில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. லீவு கிடைத்தால் பொங்கலுக்கு வந்தாலும் வருவேன் என்று பிள்ளை சொல்லியிருந்தான். கிடைக்கவில்லை என்று அவன் சொல்லவில்லை. அதனால் நான் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காணும் பொங்கல் அன்று காலை நாத்தனார் வந்தாள். கொட்டாவி கேட்டது, "வாடியம்மா" என்றேன். அண்ணன் போன பிறகும் அவளுக்குப் பொங்கல் சீர் ஒரு வருஷம்கூட நான் நிறுத்தினதில்லை. அந்த வருஷமும் புடவை, கரும்பு, வெல்லம் எல்லாம் முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து என் சர்க்கரைப் பொங்கலில் நெய் குறைவு என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நெய்யை அவள் வீட்டில் அளந்து ஊற்றுவது எனக்குத் தெரியாதா என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்த விம்மல் கேட்டது.

நகம் கம்பியைப் பிராண்டுகிறது. கிணற்றைச் சுற்றி ஓடுகிற கால் சத்தம். மறுபடி விம்மல். நான் எப்படி எழுந்தேன், எப்படி வாசலுக்குப் போனேன் என்று தெரியாது. பால் வெளிச்சத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் உயரத்துக்கு ஒரு நிழல். கேட்டைத் திறந்து கையைப் பிடித்து இழுத்தேன். அவன் போடுகிற சென்ட் வாசனை, அதற்கு அடியில் அந்த வைக்கோல். என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வந்துட்டியா தம்பி. சொல்லாம கொள்ளாம இப்படியா வர்றது? கையெல்லாம் ஏன் இப்படிக் காய்ச்சுக் கெடக்கு?" என்று கன்னத்தைத் தடவினேன்.

கன்னம் அசையவில்லை. கை என் கையில் மரக்கட்டை மாதிரி நின்றது. நாய் ஒரு தடவை விம்மி, மோந்து, நிறுத்தி, மறுபடி மோந்தது.

"அம்மா... நாந்தாங்கம்மா. தேங்கா பறிக்க வருவேன்ல. நீங்க குடுத்த சட்டையப் போட்டுக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

கையை விடாமல் நான் சொன்னேன்: "தெரியுதுப்பா. நல்ல நாளும் அதுவுமா உன்னையப் புள்ளைன்னு கூப்புடக் கூடாதா?"

அவர் நல்ல மனுஷன். சிரித்துவிட்டுக் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பொங்கல் கொடுத்து அனுப்பினேன். கொஞ்சம் கீழே சிந்தியது. நாய் நக்கிக்கொண்டது.

திரும்பினால் நாத்தனார் நிலைப்படியில் நிற்கிறாள்.

"அண்ணி, நான் என்ன புடவை கட்டியிருக்கேன், சொல்லுங்க பாப்போம்."

"எதையோ கட்டியிருக்கே. நான் குடுத்த சீர்ப் புடவையத்தான் நீ கட்ட மாட்டியே."

"அதத்தான் அண்ணி கட்டியிருக்கேன்."

மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. கடைக்காரர் நிறம் சொல்லச் சொல்ல நான் வாங்கின புடவை. நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவருக்கு எந்தத் துணியைக் கொடுத்தேன் என்று அவள் உள்ளே போய் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். துவைத்து மடித்த பை உள்ளேயே இருந்தது. பிள்ளை ஊருக்குப் போகிற அன்று கடைசி நேரத்தில் கழற்றிப் போட்டதைத் துவைக்காமல் அப்படியே கட்டி வைத்திருந்த இன்னொரு பை இல்லை. அதைத்தான் நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பைக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு.

நாய் பொய் சொல்லவில்லை. பிள்ளை வாசனை வருகிறது என்றது. வந்தது அதுதான். நான்தான் மீதியை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

நாத்தனார் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். தன் அண்ணன் மகனிடம் அப்போதே சொல்லப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று நான் கெஞ்சவில்லை. எனக்கு அது வராது. சொன்னால் வீட்டைப் பூட்டிவிடுவான், பூட்டின பிறகு உனக்கு யார் பொங்கல் சீர் அனுப்புவார்கள் என்று மட்டும் கேட்டேன். அவளுக்கும் பிறந்த வீடு என்று இருப்பது இந்த வாசல் ஒன்றுதான். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, பொங்கல் கழிந்ததும் தன்னோடு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், வந்தால் சொல்ல மாட்டேன் என்றாள். கண்ணில் கத்தி வைப்பார்களே என்றேன். "வச்சாதான் என்ன? பட்டாளத்துக்காரர் பொண்டாட்டிதானே நீங்க" என்றாள். சரி, வருகிறேன் என்றேன்.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். வலி ஒன்றும் பெரிதாக இல்லை. கொஞ்ச நாள் கோட்டுச்சேரியில் அவள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். தலைக்கு ஊற்றக் கூடாது, எண்ணெய் கூடாது, முகத்தில் மஞ்சள் கூடாது, சோப்புக் கூடாது. நேரத்துக்கு ஒரு சொட்டு மருந்து. கறுப்புக் கண்ணாடி போட்டு மூலையில் உட்கார்த்தி வைத்துவிட்டாள். நாயை மீன்கார அம்மா பார்த்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் என் நாய் இல்லை. வாசலில் யாரோ வருவார்கள், எந்தச் சத்தமும் இருக்காது, திடீரென்று பக்கத்தில் நின்று நலம் விசாரிப்பார்கள். செய்த கண் இன்னும் கூசும், யார் எவர் என்று தெரியாமல் தலையாட்டுவேன். இரண்டு உலகத்துக்கும் நடுவில் மிதக்கிற மாதிரி இருந்தது. மத்தியானத் தூக்கத்தில் கடல் சத்தம் கேட்கும். அதற்கு நடுவில் என் நாயின் வால் தகரத்தில் அடிக்கும். யாரோ என்னைப் பார்க்க வந்துகொண்டே இருப்பார்கள். எழுந்து கேட்டுக்குப் போவதற்குள் விழித்துக்கொள்வேன்.

வீடு திரும்பின அன்று ஆட்டோவிலிருந்து நாத்தனார் முதலில் இறங்கினாள். கொட்டாவி கேட்டது, நீளமாக. நான் பின்னால் இறங்கி இரண்டடி வைத்தேன்.

கனத்த குரைப்பு. நிறுத்திக் காற்றை இழுத்தது. மறுபடி குரைத்தது.

என்னைப் பார்த்துத்தான். இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்த குரைப்பு, வெளியே நிற்கிறவர் நெஞ்சில் எப்படிப் போய் இடிக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. உடம்பெல்லாம் மருந்து வாசனை. தலையில் எண்ணெய் இல்லை. கட்டியிருந்தது நாத்தனார் புடவை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

நாத்தனார் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "பாத்தீங்களா அண்ணி, யாரு இந்த வீட்டு ஆளுன்னு அதுக்குத் தெரியுது."

"டேய்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என் வீட்டு வாசலில் நின்று நான் யார் என்று நானே சொல்ல வேண்டுமா? செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பிக்கு அருகில் போய் வெயிலில் நின்றேன். குரைக்கட்டும், எவ்வளவு நேரம் குரைக்கும் என்று நின்றேன். குரைப்பு குறைந்தது. கம்பிக்கு அடியில் ஈர மூக்கு வந்தது. என் கால் பெருவிரலைத் தொட்டது. அந்தக் காலுக்கு யாரும் மருந்து போடவில்லை, யாரும் புடவை மாற்றவில்லை. நாக்கு பட்டது. பிறகு ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. பிள்ளைக்கு அழுகிற அழுகையும் இல்லை, கொட்டாவியும் இல்லை. எனக்கென்று ஒன்று வைத்திருந்திருக்கிறது. நான் எப்போதும் உள்ளேயே இருந்ததால் அதற்கு அதை எடுக்க வேலையே வரவில்லை.

குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்துவிட்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, புதுக் கண்ணால் அதைப் பார்த்தேன். செவலை நிறம் வெளுத்துப்போயிருந்தது. மூஞ்சி முழுவதும் நரை. அது என்னைப் பார்த்தது, பார்க்கவில்லை. அதன் கண் இரண்டிலும் நீலமும் வெள்ளையுமாகப் புகை படர்ந்திருந்தது, என் கண்ணில் இருந்த அதே புகை. எத்தனை நாளாகவோ.

"என்ன அண்ணி, என்னத்தப் பாக்குறீங்க?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்ல" என்றேன். என் விஷயத்தை அது யாரிடமும் சொன்னதில்லை.

நாத்தனார் வாக்குத் தவறவில்லை. அண்ணியைக் கண் டாக்டரிடம் காட்டினேன், நன்றாகத் தெரிகிறது, ஒன்றும் கவலையில்லை என்று என் பிள்ளையிடம் அவளே போனில் சொன்னாள். அவனும் வீட்டைப் பூட்டுகிற பேச்சை எடுக்கவில்லை. வீடியோவில் வந்தான். அவன் தலையில் இவ்வளவு நரை என்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

இப்போது கேட்டருகில் யார் வந்தாலும் எனக்குத் தெரிகிறது. மூக்கு, கண், வாய் எல்லாம் அதது இருக்கிற இடத்தில் இருக்கிறது. முன்பிருந்த பால் வெளிச்சம் போய்விட்டது, அவரும் கிணற்றடிக்கு வருவதில்லை. நாய்க்குக் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற நாளில் கொஞ்சம் குழப்பம் வருகிறது. போன வாரம் தேங்காய் பறிக்கிறவர் அதே டீ ஷர்ட்டோடு வந்தார். துவைத்துத் துவைத்து நிறம் போய்விட்டது. காற்று கடல் பக்கம் திரும்பியிருந்தது. நாய் எழுந்து நின்று, குரைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், தலையை என் பக்கம் திருப்பியது.

"நம்ம ஆளுதான்டா" என்றேன்.

வால் இரண்டு தடவை தகரத்தில் அடித்தது. பிறகு என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.